கலப்பையைப் பின்தொடராத மழை

மழை பொய்த்துவிட்டது என்று நாம் சொல்வது வழக்கம். வாக்குக் கொடுத்தவர் அதைக் காக்கத் தவறினால் அவரைப் பொய்த்தவர் எனலாம். மழை யாருக்கு, எப்போது வாக்குக் கொடுத்தது? வானம் தராத வாக்கைத் தந்ததாக எண்ணிக்கொண்டு, அதன்மேல் வீடும் ஊரும் இருப்புப்பாதையும் கட்டிய ஒரு தலைமுறையின் கதை தென் ஆஸ்திரேலியாவில் உண்டு. வானம் பார்த்த பூமியை அறிந்தவர்களுக்கு அக்கதை அந்நியமாகத் தோன்றாது.

அடிலெய்டு நகரிலிருந்து வடக்கு நோக்கிப் பயணம் செய்பவர் முதலில் காண்பவை திராட்சைத் தோட்டங்களும் கோதுமை வயல்களும். மேலும் செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகின்றன. பயிர்கள் அருகிப் புல்வெளி தோன்றுகிறது. புல்லும் மறைந்து, சாம்பல் நிறமான உப்புச்செடிகள் தரையெங்கும் படர்கின்றன. ஆஸ்திரேலியர் ‘அவுட்பேக்’ என்றழைக்கும் வறண்ட உள்நாடு இங்கிருந்து விரிகிறது. சாலையின் இருபுறமும் கூரையிழந்த கல்வீடுகளைக் காணலாம். சிலவற்றில் சுவர்களும் சரிந்து, புகைபோக்கி மட்டும் தனியே நிற்கிறது. போரோ நிலநடுக்கமோ இவ்வீடுகளை அழிக்கவில்லை. அவற்றில் வாழ்ந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியேறினார்கள், அவ்வளவே.

இவ்விடிபாடுகளின் வரலாறு 1865ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அப்போது அக்குடியேற்ற நாட்டின் வடபகுதி கொடிய வறட்சியில் சிக்கியிருந்தது. ஆட்டுப் பண்ணையாளர்கள் குத்தகைச் சலுகை கோரினர். எந்தப் பகுதிவரை வறட்சி பாதித்துள்ளது என்பதைக் கண்டறிய, தலைமை நில அளவையாளரான ஜார்ஜ் கோய்டர் அனுப்பப்பட்டார். அவர் குதிரையின்மேல் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் சுற்றி வந்ததாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அவ்வாண்டு டிசம்பரில் அவர் தந்த அறிக்கையும் வரைபடமும் நாட்டின் குறுக்கே ஒரு கோட்டை வரைந்தன. கோட்டுக்குத் தெற்கே மழையை நம்பிப் பயிரிடலாம்; வடக்கே மேய்ச்சலுக்கு மட்டுமே நிலம் ஏற்றது. ‘கோய்டர் கோடு’ என்று இன்றும் வழங்குவது இதுவே. விக்டோரியா எல்லையருகிலுள்ள பின்னாரு தொடங்கி, ஒரோரூ அருகே வடக்கில் வளைந்து, மேற்கே செடுனாவை நோக்கி அது செல்கிறது.

நீண்டகால மழைக் கணக்குகள் அப்பகுதியில் அந்நாளில் இல்லை. அவர் செடிகளைப் படித்தார். மாலி எனப்படும் குட்டையான யூகலிப்டஸ் மரங்கள் நின்று உப்புச்செடிகள் மிகும் இடத்தை எல்லையாகக் கொண்டார். ஓராண்டு மழையில் புல் முளைத்துவிடும். ஆனால் மரமும் புதரும் ஓரிடத்தில் நிலைபெறப் பல பத்தாண்டுகளின் மழையும் வெயிலும் வேண்டும். மனிதன் எழுதி வைக்காத கணக்கை மண் எழுதி வைத்திருந்தது. ஆண்டுக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிமீட்டர் மழை பெய்யும் எல்லையோடு அவர் கோடு பெரிதும் ஒத்துப்போவதைப் பிற்கால அளவீடுகள் காட்டின.

இந்த நிதானத்தை அவர் பட்டறிவால் பெற்றிருந்தார். 1857இல் இதே வடபுலத்துக்குச் சென்றபோது நன்னீர் நிறைந்த ஏரியையும் பசுமையையும் கண்டு, மகிழ்ச்சியோடு அறிக்கை அனுப்பினார். சில மாதங்களில் அன்றைய தலைமை நில அளவையாளர் ஃப்ரீலிங் படகுடன் அங்கே சென்றார், கண்டதோ சேறு. அண்மையில் பெய்த மழையும் கானல் நீரும் சேர்ந்து கோய்டரின் கண்ணை ஏமாற்றியிருந்தன. ஒரு நல்ல மழையை நிலத்தின் இயல்பென்று கொள்ளலாகாது என்பதை அவர் ஊரறியக் கற்றவர்.

ஆனால் மக்கள் அக்கோட்டை விரும்பவில்லை. அவர்களைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது நீதியன்று. தெற்கே நல்ல நிலம் குறைந்து வந்தது. தொடர்ந்து கோதுமையே விதைத்ததால் மண் களைத்திருந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொந்த நிலம் வேண்டியிருந்தது. வடக்கிலோ பரந்த பூமி பெரும் பண்ணையாளர் கையில் இருந்தது. இக்கோடு செல்வர்களின் வேலி என்று எளியவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டம் கோட்டுக்குத் தெற்கேயுள்ள நிலங்களைத் தவணை முறையில் விற்க வழிசெய்தது. அடுத்தடுத்து நல்ல மழை பெய்தது. கோட்டை நீக்குக என்ற குரல் ஓங்கியது. 1874இல் சட்டமன்றம் அதற்கு இணங்கி, வடக்கேயும் உழவுக்குத் திறந்துவிட்டது.

“கலப்பை செல்லும் இடத்துக்கு மழை பின்தொடரும்” என்பது அந்நாளில் பரவியிருந்த கோட்பாடு. உழுத மண் ஈரத்தை வெளியிடும், அதனால் மேகம் திரளும் என்று கற்றவர்களும் நம்பினர். அமெரிக்காவின் பெருஞ்சமவெளிகளிலும் இதே நம்பிக்கை உழவர்களை வறண்ட நிலத்துக்கு இட்டுச் சென்றது. அளவையாளர்கள் நிலத்தில் ஊர்களைக் கோடிட்டுப் பிரித்தனர். குவார்ன் ஊரில் மாவு ஆலை எழுந்தது. போர்ட் அகஸ்டாவிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1879இல் குவார்னையும் 1882இல் ஃபரினாவையும் அடைந்தது. ‘ஃபரினா’ என்றால் இலத்தீனில் மாவு என்று பொருள். கோதுமை விளையும் முன்னரே ஊருக்கு மாவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்!

1880ஆம் ஆண்டு தொடங்கி மழை தன் பழைய இயல்புக்குத் திரும்பியது. விதைத்த விதை மண்ணிலேயே கருகியது. உழுத புழுதி காற்றில் எழுந்தது. தவணைக் கடன் மட்டும் வளர்ந்தது. அரசு தவணைகளைத் தளர்த்தியது. நிலத்தைத் திருப்பித் தரவும் இடமளித்தது. தாம் கல் சுமந்து கட்டிய வீட்டை, பிறந்த குழந்தைகளை அடக்கம் செய்த மண்ணை விட்டுக் குடும்பங்கள் தெற்கே திரும்பின. கோய்டரை ஏளனம் செய்தவர்கள் அவர் சொல்லின் உண்மையை ஒப்புக்கொண்டனர். ஆனால் அதற்கான விலையைச் சட்டம் இயற்றியவர்கள் கொடுக்கவில்லை. கடன்பட்டு உழுதவர்களே கொடுத்தார்கள்.

குவார்னுக்கு வடக்கே கன்யாகா என்னும் பண்ணையின் இடிபாடுகள் உள்ளன. ஒரு காலத்தில் சுமார் 70 குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. அதை நிறுவிய ஹியூ ப்ரோபி என்னும் இளைஞர் 1852இல் திடீர் வெள்ளத்தில் மூழ்கி மாண்டார். வறட்சியால் கைவிடப்பட்ட பண்ணையை நிறுவியவர் வெள்ளத்தில் இறந்தார் என்பது இந்நிலத்தின் தன்மையை நன்கு காட்டும். இங்கே ‘சராசரி மழை’ என்ற சொல்லே மயக்கம் தருவது. மூன்றாண்டு வறட்சியையும் ஒரு நாள் பெருவெள்ளத்தையும் கூட்டி வகுத்தால் நல்லதோர் எண் கிடைக்கும். அந்த எண் எந்த வயலிலும் பெய்வதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இம்மலைத்தொடரில் வாழ்ந்துவரும் அட்ன்யமதன்ஹா மக்கள், எந்த ஊற்று எப்போது வற்றும் என்பதை அறிந்திருந்தனர். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

இவ்வரலாற்றில் நம் நாட்டைத் தொடும் ஓர் இழையும் உண்டு. அடிலெய்டில் அரசு வானியலாளராக இருந்த சார்லஸ் டாட், ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் வறட்சி பெரும்பாலும் ஒரே காலத்தில் நிகழ்வதை 1888இல் சுட்டிக்காட்டினார். பசிபிக் பெருங்கடலின் வெப்ப மாற்றமாகிய ‘எல் நினோ’ இவ்விரண்டுக்கும் பின்னே இயங்குவதைப் பின்னாளில் அறிவியல் விளக்கியது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூர்ந்த 1876–78ஆம் ஆண்டுகளின் பெருந்துயரிலும் வலிமையான எல் நினோவின் பங்கு இருந்தது. கடல்களைக் கடந்து வாழ்ந்த இரு நாட்டு உழவர்கள், தம்மை அறியாமலே ஒரே வானத்தின்கீழ் காத்திருந்தார்கள்.

கோய்டர் கோடு இன்றும் பேசப்படுகிறது. புதிய விதைகளும் உரங்களும் வந்தபின் கோட்டைத் தாண்டியும் சில இடங்களில் பயிரிட்டனர். சிலர் வென்றனர், பலர் பின்வாங்கினர். புவி வெப்பமடைவதால் அக்கோடு தெற்கு நோக்கி நகரக்கூடும் என்று அறிவியலாளர்கள் எச்சரிக்கின்றனர். 2024–25ஆம் ஆண்டுகளில் கோட்டுக்குத் தெற்கேயுள்ள உழவர்களும் கடும் வறட்சியைச் சந்தித்தனர். மழை எப்போது வரும் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். வராவிட்டால் யார் பட்டினி கிடப்பார், யார் கடன் சுமப்பார் என்ற கேள்வியை நல்ல மழை பெய்யும் ஆண்டிலேயே கேட்பதுதான் அறம். 1874இல் அதைக் கேட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

ஃபரினாவில் இப்போது குடியிருப்போர் இல்லை எனலாம். 2009 முதல் தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் அங்கே கூடி, இடிந்த சுவர்களைச் செப்பனிட்டு வருகின்றனர். நிலத்தடியில் அமைந்த பழைய ரொட்டிச் சூளையை மூட்டி, வழிப்போக்கர்களுக்கு ரொட்டியும் சுடுகிறார்கள். மாவின் பெயர் கொண்ட ஊரில் மாவு பிசையப்படுகிறது. அம்மாவைத் தெற்கிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.