293,318,625,600

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட மீப்பகு எண்களுள் ஒன்று. பகாக் காரணி வடிவம்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகள் ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை 5,040. அதுவும் மீப்பகு எண்ணே. 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும், 23 வகுக்காது.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையில் மீப்பகு எண்களை 6,746,328,388,800 வரை அட்டவணைப்படுத்தினார். அந்த நீண்ட அட்டவணையில் விடுபட்டது இவ்வெண் ஒன்றே. கணிப்பொறி இல்லாக் காலத்தில் இது வியக்கத்தக்க துல்லியம். அட்டவணையின் இறுதி எண், விடுபட்ட இதன் சரியாக 23 மடங்கு. காரணிகளோ இரு மடங்கு, 10,080.