தலைப்பெழுத்தும் கொடிவழித் தரநிலையும்: பட்டிவீரன்பட்டிச் சான்று

கொடிவழி மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளப் பெரிதும் சார்ந்திருக்கும் தரநிலை ஜெட்காம் ஆகும். அமெரிக்காவிலுள்ள பிற்காலப் புனிதர்கள் திருச்சபை இதனை 1984இல் வெளியிட்டது. இதில் ஒருவரது குடும்பப்பெயர் இரு சாய்கோடுகளுக்கு இடையே எழுதப்படும். குடும்பப்பெயர் வழக்கில்லாத தமிழ்ப் பெயரில் அவ்விடத்தில் எதனை இடுவது என்பதைத் திண்டுக்கல் வட்டாரச் சான்று ஒன்றைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. அவரும் தம் பெயரின் பின்னிருந்த 'நாடார்' என்னும் பட்டத்தை விடுத்தார். இதனால் முந்தைய ஆவணங்களில் பட்டத்துடனும் பிந்தையவற்றில் பட்டமின்றியும் அவர் பெயர் காணப்படுகிறது.

இப்பெயரை மென்பொருளில் பதிவோர் குடும்பப்பெயர்ப் புலத்தை நிரப்பப் பட்டத்தையே நாடுவர். அவர் துறந்தது தரவில் மீண்டும் ஏறிவிடும். சாய்கோடு கட்டாயமன்று என்பது உண்மையே. ஆயினும் அகரவரிசையும் தேடலும் குடும்பப்பெயரை ஒட்டியே அமைந்த மென்பொருளில் வெற்றுப்புலம் குறையாகவே தோன்றும். சாதியைக் குறிக்கத் தனிக் குறிச்சொல்லே வைத்திருக்கும் இத்தரநிலையில் தலைப்பெழுத்துக்கு ஒன்றில்லை என்பதும் இங்கே நோக்கத்தக்கது.

தலைப்பெழுத்தைப் பெயரின் உறுப்பு என்பதைவிட உறவின் சுருக்கம் என்பதே பொருந்தும். அது தந்தையைச் சுட்டலாம். பாட்டனையோ ஊரையோ சுட்டலாம். திருமணத்துக்குப்பின் பெண்ணின் தலைப்பெழுத்து தந்தையினின்று கணவனுக்கு மாறும் வழக்கமும் உண்டு. ஆகவே எழுத்தை மட்டும் பதிந்தால் போதாது. அது எவரை அல்லது எவ்வூரைச் சுட்டுகிறது என்னும் இணைப்பும் வேண்டும்.

காலக்குறிப்பின்மை மற்றொரு குறை. ஜெட்காமில் ஒருவருக்குப் பல பெயர்களைப் பதியலாம். ஆனால் எப்பெயர் எக்காலத்தில் வழங்கியது என்று குறிக்கப் பெயரின்கீழ் நாள் புலம் இல்லை. 1929இன் மாற்றம் குறிப்புரையாக மட்டுமே நிற்கும். அதே நிறுவனத்தின் ஜெட்காம் எக்ஸ் வடிவத்திலோ பெயருக்குக் காலவரையறை தர இடமுண்டு. அது பரவலாகாதது தமிழ்த் தரவுக்கு இழப்பே.

எழுத்துருச் சிக்கல், 2021இல் வந்த 7.0 பதிப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தை வரையறுத்ததால் ஏறத்தாழத் தீர்ந்தது. நாள்காட்டிச் சிக்கல் தீரவில்லை. கிரெகோரியன், ஜூலியன், எபிரேய, பிரெஞ்சுக் குடியரசு நாள்காட்டிகளுக்கு அத்தரநிலையில் இடமுண்டு. அறுபதாண்டுச் சுழற்சிக்கு இல்லை. ஓலையில் 'விரோதி வருடம்' என்று மட்டும் இருப்பின் அது 1829, 1889, 1949 ஆகியவற்றுள் எதில் தொடங்கியது என்பதைப் பதிவாளரே ஊகித்தல் வேண்டும்.

கீழ்க்கோட்டில் தொடங்கும் விரிவாக்கக் குறிச்சொற்களை 7.0 ஏற்கிறது, அவற்றின் பொருளை இணைய முகவரிவழி வரையறுக்கவும் வகை செய்கிறது. தலைப்பெழுத்து சுட்டும் உறவு, பட்டம் வழங்கிய காலம், சுழற்சி ஆண்டு ஆகிய மூன்றுக்கும் தமிழாய்வு நிறுவனம் ஒன்று இவ்வகையில் வரையறை வெளியிடுதல் இயலக்கூடியதே.