காணாமற்போன சிப்பாய்களும் அவர்களைத் தேடிய குடும்பங்களும்

யுத்தத்துக்குச் சென்ற ஒருவன் எங்கே, எந்த நாளில், எவ்விதம் மாண்டான் என்பதை அவன் வீட்டாருக்கு அறிவிப்பது அரசாங்கத்தின் கடமை என்ற எண்ணம் இன்று நமக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றினாலும், உலக சரித்திரத்தில் அது மிகப் பிந்தித் தோன்றிய எண்ணமேயாகும். 1815-இல் வாட்டர்லூவில் மாண்ட சேனாதிகாரிகள் சிலருக்குக் கல்லும் கல்வெட்டும் எழுந்தன. சாமானியச் சிப்பாய்களோ பெருங்குழிகளில் ஒருசேர இட்டு மூடப்பட்டு, சேனையின் கணக்கில் வெறும் தொகையாக நின்றனர். அந்தத் தொகை தனித்தனிப் பெயர்களாகப் பிரிந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள். அது சேனைகளின் தயாளத்தால் நேர்ந்ததன்று. மாண்டவர்களின் பெற்றோரும் மனைவியரும் சகோதரரும் ஓயாமல் எழுதிய கடிதங்களாலும், விடை கிடைக்கும் வரை தட்டிய கதவுகளாலுமே நேர்ந்தது என்பதும், அந்தக் குரல் எட்டாத இடங்களில் தொகை இன்றளவும் தொகையாகவே நிற்கிறது என்பதும் நாம் கொண்ட முடிவு.

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865-இல் முடிந்தபோது, காயமுற்றோருக்குப் பணிவிடை செய்து பெயர்பெற்றிருந்த கிளாரா பார்ட்டன் என்ற மாது, காணாமற்போன சிப்பாய்களைத் தேடுவதற்கென வாஷிங்டன் நகரில் ஒரு காரியாலயம் திறந்தார். 1868 வரை அங்கே 63,000-க்கு மேற்பட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதப்பட்டது. 22,000 பேருக்கு மேல் கதி இன்னதென்று தெரியவந்தது. இம்முயற்சிக்கு உற்ற துணையானது டாரன்ஸ் அட்வாட்டர் என்ற இளைஞரின் துணிவு. ஆண்டர்ஸன்வில் சிறைமுகாமில் கைதியாயிருந்து, அங்கே மாண்டவர்களின் கணக்கை எழுத நியமிக்கப்பட்ட அவர், ஏறத்தாழ 13,000 பெயர்களுக்கு மேலதிகாரிகள் அறியாமல் இரகசியப் பிரதி ஒன்றையும் எழுதி, அதை ஒளித்து வெளியே கொண்டுவந்தார். உத்தியோகபூர்வமான பதிவேட்டை நம்பாத ஒரு குமாஸ்தாவின் கள்ளப்பிரதிதான் அத்தனை குடும்பங்களுக்கும் விடையளித்தது என்பது இத்துறையின் சரித்திரத்தில் சிந்திக்கத்தக்க தொடக்கம்.

ஐரோப்பாவில், ஸோல்ஃபரினோ போர்க்களத்தைக் கண்டு மனமுருகிய ஹென்றி டூனன்ட்டின் முயற்சியால் பிறந்த செஞ்சிலுவைச் சங்கம், 1870-இல் பிரான்சும் பிரஷ்யாவும் பொருதபோது பேஸல் நகரில் ஒரு தகவல் நிலையம் அமைத்தது. 1914 ஆகஸ்டில் ஜெனீவாவில் எழுந்த யுத்தக் கைதிகள் நிலையம் அதனினும் பன்மடங்கு பெரியது. நாவலாசிரியர் ரொமேன் ரோலந்தும் அங்கே தொண்டராக அமர்ந்து கடிதங்களைப் பிரித்து வகைப்படுத்தினார். அங்கே திரண்ட 70 லட்சம் அட்டைகளில், ஒரு புறம் எதிரி அரசாங்கம் அனுப்பிய பட்டியலிலிருந்து எடுத்த பெயரும், மறுபுறம் வீட்டார் எழுதிக் கேட்ட பெயரும் அகர வரிசையில் அடுக்கப்பட்டன. இரண்டும் ஒருங்கே சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் சந்தேகம் தீர்ந்தது.

ஆயினும் அட்டை சேர வேண்டுமானால், பிரேதத்தின் மேல் பெயர் இருக்க வேண்டும் அல்லவா? பிரிட்டிஷ் சேனையில் 1907 முதல் சிப்பாய் ஒவ்வொருவனும் பெயரும் எண்ணும் பொறித்த ஒற்றைத் தகட்டைக் கழுத்தில் அணிந்தான். அவன் இறந்ததும், மரணத்துக்குச் சான்றாகத் தோழர்கள் அதைக் கழற்றிச் சென்றனர். சேனையின் கணக்கு அதனால் நேராயிற்று. உடலோ அக்கணமே அநாமதேயமாயிற்று. பிறகு குண்டு விழுந்து அந்த நிலம் மீண்டும் கிளறப்பட்டால், புதைந்தவன் யாரென்று சொல்ல எதுவும் எஞ்சவில்லை. பல்லாயிரம் பேர் மாண்ட பின்பே, 1916 செப்டம்பரில், சிவப்பு வட்டம் ஒன்றும் பச்சை எண்கோணம் ஒன்றுமாக இரண்டு தகடுகள் வழங்கும் ஏற்பாடு பிறந்தது: சிவப்பு காரியாலயத்துக்கு, பச்சை உடலோடு மண்ணுக்கு. இத்தனை எளிய யுக்திக்கு இரண்டு வருஷ யுத்தம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால், வீட்டாருக்கு விடையளிப்பது சேனையின் சிந்தனையில் எத்தனாவது இடத்திலிருந்தது என்பது விளங்கும்.

சிப்பாய் காணாமற்போனால் வீட்டுக்கு வந்தது அச்சிட்ட படிவம் ஒன்று. அதிகாரி காணாமற்போனால் தந்தி. அதற்கு மேல் அறிய விரும்பியவர்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் காயமுற்றோர், காணாமற்போனோர் விசாரணைப் பிரிவுக்கு எழுதினர். பிற்காலத்தில் ஈராக்கின் அரசியலில் பெரும்பங்கு கொண்ட கெர்ட்ரூட் பெல், 1914-இன் இறுதியில் பூலோன் துறைமுக நகரில் இப்பிரிவின் ஏடுகளைச் சீர்படுத்தினார், நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் அலெக்ஸாந்திரியா ஆஸ்பத்திரிகளில் கட்டில் கட்டிலாகச் சென்று, 'இவனைக் கண்டதுண்டா?' என்று காயமுற்றோரை விசாரிக்கும் பணி செய்தார். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதம மந்திரியின் புதல்வி வீரா டீக்கின் நடத்திய நிலையத்தில் மட்டும் ஏறத்தாழ 32,000 பேரைப் பற்றிய கோப்புகள் சேர்ந்தன. ஒருவன் மடிந்ததைப் பார்த்ததாகச் சொன்ன மூவர் மூன்று விதமாகச் சொன்னதையும் மாற்றாமல் அப்படியே எழுதி வைத்ததுதான் அக்கோப்புகளின் பெருமை.

இவ்விசாரணையின் துயரம் முழுவதையும் ஒரே குடும்பத்தில் காண விரும்புவோர், ருட்யார்ட் கிப்ளிங்கின் வீட்டைப் பார்க்கலாம். 1865-இல் பம்பாயில் பிறந்து, ஏகாதிபத்தியத்தின் கவியாக உலகப் புகழ் பெற்ற அவருடைய ஒரே புதல்வன் ஜான், 1897 ஆகஸ்டு 17-இல் பிறந்தவன். கண்பார்வை மிக மங்கியிருந்தமையால் சேனை அவனைத் தள்ளிவிட்டது. தகப்பனாரோ தம் நண்பர் ராபர்ட்ஸ் பிரபுவிடம் சொல்லி ஐரிஷ் கார்ட்ஸ் படையில் அவனுக்கு அதிகாரிப் பதவி வாங்கித் தந்தார். பதினெட்டு நிறைந்த அதே ஆகஸ்டில் பிரான்சை அடைந்தவன், லூஸ் யுத்தம் தொடங்கிய மூன்றாம் நாளாகிய 1915 செப்டம்பர் 27 அன்று, சுண்ணாம்புக்கல் குழி ஒன்றை அடுத்த சிறு சோலையருகே கடைசியாகக் காணப்பட்டான். அக்டோபர் 2-இல் வந்த தந்தி, அவன் காயமுற்றான், காணவில்லை என்று மட்டும் அறிவித்தது.

அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே நம்பிக்கைக்கு இடமிருந்தது. அதைப் பற்றிக்கொண்டு கிப்ளிங்கும் மனைவி காரியும் செய்த விசாரணைக்கு அளவேயில்லை. ஆஸ்பத்திரிகளில் கிடந்த ஐரிஷ் கார்ட்ஸ் சிப்பாய்களைத் தேடிச் சென்று பேசினர். நடுநிலை நாடுகளின் வழியே ஜெர்மனியில் விசாரித்தனர். கிப்ளிங்கின் சிநேகிதரான நாவலாசிரியர் ரைடர் ஹகார்ட், அந்நாளில் களத்திலிருந்த ஒரு சிப்பாயைக் கண்டுபிடித்து விசாரித்தபோது, வாயில் குண்டுபட்டுச் சிதைந்து, கட்டுத்துணியைக் கட்ட முயன்றவாறு பின்வாங்கிய இளம் அதிகாரி ஒருவரைத் தான் கண்டதாக அவன் சொன்னான். அதைத் தகப்பனாருக்குச் சொல்ல மனம் வராத ஹகார்ட், தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். உண்மையை வேண்டி அலைந்தவருக்கு, கிடைத்த உண்மையே தோழமையால் மறைக்கப்பட்டது; ஹகார்ட் செய்தது தவறென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

மகன் கிடைக்கவில்லை. கிப்ளிங் அவனுடைய பட்டாளத்தின் சரித்திரத்தை எழுத முன்வந்து, சிப்பாய்களைக் கேட்டும், நாட்குறிப்பேடுகளைப் புரட்டியும், 1923-இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அந்நூலில் தம் மகனைப் பற்றி அவர் எழுதியது மற்ற அதிகாரிகளைப் பற்றி எழுதிய அளவே. அந்த அடக்கம் வேறெந்தப் புலம்பலைக் காட்டிலும் கனமானது. இதற்கிடையே ஃபேபியன் வேர் என்பவர் செஞ்சிலுவை வண்டிப்படையில் தொடங்கிய சமாதிப் பதிவுப் பணி, 1917 மே 21-இல் அரச சாசனம் பெற்று ஏகாதிபத்திய யுத்த சமாதி ஆணையமாயிற்று. கிப்ளிங் அதன் இலக்கிய ஆலோசகரானார். பிரேதங்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரலாகாது. பிரபுவின் மகனானாலும் சுரங்கத் தொழிலாளியின் மகனானாலும் ஒரே அளவுக் கல். கல் நாட்ட உடல் கிடைக்காதவனுக்கு நினைவுச் சுவரில் பெயர்—இவையே அதன் விதிகள். பெயரறியாதவர்களின் கற்களில், இவன் யாரென்பது ஈசுவரனுக்குத் தெரியும் என்னும் கருத்துள்ள வாசகத்தைத் தந்தவர் கிப்ளிங்கே. லூஸ் நினைவுச்சுவர் தாங்கும் 20,000-க்கு மேற்பட்ட பெயர்களில் ஜானுடையதும் ஒன்றாயிற்று. 1936-இல் தகப்பனார் காலமானபோது, அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

1992-இல் ஆணையம், 'ஏன்' (Haisnes) என்ற கிராமத்துச் சமாதித் தோட்டத்தில், ஐரிஷ் கார்ட்ஸ் படையைச் சேர்ந்த, பெயரறியாத லெப்டினன்ட் என்று குறித்திருந்த கல் ஜான் கிப்ளிங்கினுடையதே என்று அறிவித்தது. உடனே ஆட்சேபம் எழுந்தது. காணாமற்போன அன்று ஜான் இரண்டாம் லெப்டினன்ட் அல்லவா, அவன் பதவி உயர்வு அரசிதழில் வெளியானது அதன் பின்னரன்றோ என்றனர் ஆய்வாளர் சிலர். 1919-இல் அவ்வுடல் எடுக்கப்பட்டதாகப் பதிவேடு சொல்லும் இடமோ, ஜான் வீழ்ந்த சோலையிலிருந்து சில மைல் தள்ளியிருக்கிறது என்றனர். 2016-இல் வேறு இருவர், அவ்வேட்டை மற்ற ஏடுகளோடு ஒத்துநோக்கி, வரைபடக் கட்டத்தைக் குறிக்கும் எழுத்து பிழைபட்டுள்ளது, 'ஹெச்' என்று எழுதவேண்டிய இடத்தில் எழுத்தர் 'ஜி' என்று எழுதிவிட்டார் என்று வாதித்தனர். எழுத்தைத் திருத்தினால் உடல் கிடந்த இடம் அச்சோலையை ஒட்டியே வருகிறது. நம் அபிப்பிராயத்தில் பிந்திய வாதமே வலியது. ஆணையமும் தன் முடிவை மாற்றவில்லை. எப்படியாயினும், செல்வமும் கீர்த்தியும் மந்திரிகளின் நட்பும் படைத்த ஒரு குடும்பத்தின் தேடல் முக்கால் நூற்றாண்டு முட்டி நின்றதற்கு ஒற்றை எழுத்து காரணமாயிருக்கக்கூடும் என்பது, ஏடுகளை நம்பி ஆராய்வோர் அனைவரும் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

ஏடுகளுக்கு நேர்ந்த விபத்து பிழையோடு நிற்கவில்லை. 1940 செப்டம்பரில் லண்டனில் ஜெர்மானியக் குண்டு விழுந்து, முதல் மகாயுத்தச் சிப்பாய்களின் சேவைப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் வெந்து சாம்பலாயின. ஆகவே இன்று பிரிட்டனில் தன் பாட்டனைத் தேடுபவர், மெடல் அட்டவணை, பட்டாளத்தின் நாட்குறிப்பேடு, சமாதி மாற்றப் பதிவேடு என்று துண்டு துண்டாகவே சேர்க்கவேண்டியிருக்கிறது. இவற்றுள்ளும் நாட்குறிப்பேடு, வீழ்ந்த அதிகாரியைப் பெரும்பாலும் பெயரால் குறிக்கும். சிப்பாய்களை 'மற்றவர்கள் இத்தனை பேர்' என்று எண்ணால் மட்டும் குறிக்கும். வாட்டர்லூவின் மனோபாவம் அந்த ஒரு வரியில் நூறு வருஷம் கழித்தும் உயிரோடிருந்தது.

நம் நாட்டுச் சிப்பாய்களின் விஷயத்தில் அது வரியோடு நிற்காமல் கல்லிலும் ஏறியது. பிரான்சில் நியூ சாப்பெல் நினைவுமண்டபம் 1927 அக்டோபர் 7-இல் திறக்கப்பட்டபோது, 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. கிப்ளிங்கும் அவ்விழாவில் இருந்தார். ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் அளித்த மரியாதை அது. மெசபொடேமியாவிலோ, மதராஸ் ஸாப்பர்ஸ் உள்ளிட்ட எத்தனையோ படைகள் உழைத்து மடிந்த களங்களுக்காக எழுப்பிய பாஸ்ரா நினைவுச்சுவரில், அதிகாரிகளுக்குப் பெயரும், இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்டு வாரியாகத் தொகையும் வெட்டப்பட்டன. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமை தூக்கி மாண்ட ஆப்பிரிக்கர்களுக்குப் பெயரில்லாத சிலைகள் மட்டுமே எழுந்தன. ஆணையமே நியமித்த குழு, 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயரால் நினைவுகூரப்படவேயில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. நம் ஊர்கள் பலவற்றில் இன்றும் சுவரிலோ மண்டபத்திலோ பதிந்திருக்கும் பளிங்குப் பலகையைப் படித்துப் பாருங்கள்: இக்கிராமத்திலிருந்து யுத்தத்துக்குப் போனவர் இத்தனை பேர், உயிர்நீத்தவர் இத்தனை பேர் என்றிருக்கும். ஊர்ப்பெயர் உண்டு, தொகை உண்டு. ஆள் பெயர் இல்லை. எழுத்தறியாத தாய் ஜெனீவாவுக்குக் கடிதம் எழுதவில்லை. அவளுக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலருகே விசாரிக்க ஒரு ஃபார்ஸ்டரும் வரவில்லை.

தேடினால் கிடைக்காதென்று இதற்குப் பொருளன்று. 1916 ஜூலையில் ஃப்ரொமெல் என்ற இடத்தில் ஜெர்மானியர் புதைத்த 250 உடல்கள் 2009-இல் தோண்டியெடுக்கப்பட்டபோது, செஞ்சிலுவைக் கோப்புகளும் ஜெர்மானிய ஏடுகளும் வழிகாட்ட, சந்ததியாரின் இரத்த உறவைக் காட்டும் மரபணுச் சோதனையால் அவற்றில் பெரும்பாலானவை பெயர் பெற்றன. லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த பஞ்சாபியச் சிப்பாய்களின் ஏடுகளில், கிராமம் கிராமமாக ஏறத்தாழ 3,20,000 பேரின் பதிவுகள் இருப்பது உலகறிய வெளிவந்தது 2021-இல்தான்.

தமிழ்நாட்டில் முன்னோர் எவரேனும் முதல் மகாயுத்தத்துக்குப் போனதாகச் சொல்லக் கேட்டிருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் பழைய யுத்த மெடல் இருந்தால், அதை வெள்ளி விலைக்கு உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். அதன் விளிம்பைச் சுற்றி ஆளின் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். வேறு ஏடுகள் அழிந்துபோன சிப்பாய்க்கு அதுவே கடைசிச் சாசனம். பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக்கு எழுத்து பிரதியெடுத்து, அவருடைய ஊரையும் தகப்பன் பெயரையும் பக்கத்தில் குறித்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருங்கள்.