இருப்புப்பாதையும் திருச்சபையும்

காரைக்கால் அம்மையார் பிறந்த ஊரையும் இல்லறத்தையும் துறந்து வந்து இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த தலமென்று சைவ உலகம் போற்றுவதும், முதலாம் ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த செப்பேடுகள் 1905-ஆம் ஆண்டில் அகப்பட்டமையால் சரித்திர ஆசிரியர்கள் நன்கறிந்ததுமாகிய திருவாலங்காடு, கிறிஸ்தவ சரித்திரத்தில் பெயர் பெற்ற ஊர் அன்று. ஆயினும், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் உத்தியோக நிமித்தம் ஊர் விட்டு ஊர் சென்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஓர் ஆலயம் தேடிய வரலாற்றைச் சொல்ல முற்படுவோர், திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவிலுள்ள இந்தச் சிறிய ரயில் நிலையத்திலிருந்தே தொடங்கலாம். ஏனெனில், இங்கே இறங்கிய ஒரு கிறிஸ்தவக் குடும்பம் கிழக்கே போனால் ஒரு சபையையும் மேற்கே போனால் வேறொரு சபையையும் சந்திக்க நேர்ந்த காலம் ஒன்று இருந்தது.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ரயில் போக்குவரத்து தொடங்கிற்று. அந்த இருப்புப்பாதையை ஒட்டி வேரூன்றிய ஊழியங்களை வரிசையாகப் பார்த்தால் ஐரோப்பாவின் சபைப் பிரிவினைகள் தொண்டை நாட்டு மண்ணிலே மறுபடி வரையப்பட்டிருப்பதைக் காணலாம். சென்னையில் ஆங்கிலிக்கன் பேராலயம். திருவள்ளூரிலும், வில்லியம் கௌடி முதலிய மிஷனரிகள் சேரி மக்களிடையே அரும்பாடுபட்ட அருகிலுள்ள இக்காட்டிலும், வெஸ்லியன் மெதடிஸ்டுகள். அரக்கோணத்தில் ஸ்காட்லாந்து சபையார். பாதை முடிந்த வாலாஜாவுக்கு அடுத்த ராணிப்பேட்டையில், ஸ்கட்டர் குடும்பத்தார் 1853-இல் நிறுவிய அமெரிக்க ஆற்காட்டு மிஷன். ஒரே பகலில் ரயிலில் கடந்துவிடக்கூடிய தூரத்துக்குள் வழிபாட்டு முறையும், குருத்துவத்தைப் பற்றிய கொள்கையும், சபையை ஆளும் விதமும் இத்தனை முறை மாறின.

மிஷன்கள் தமிழ்நாட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டது, ஒருவர் உழுத நிலத்தில் மற்றவர் விதைக்கலாகாதென்ற நல்லெண்ணத்தினால்தான். திருநெல்வேலி ஆங்கிலிக்கர்களுக்கு, மதுரை அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷனுக்கு, தஞ்சாவூர்ப் பக்கம் பெரும்பாலும் லுத்தரன்களுக்கு, சேலமும் கோயம்புத்தூரும் லண்டன் மிஷனுக்கு என்று ஏற்பட்ட இந்த உடன்படிக்கை, மக்கள் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து அங்கேயே அடக்கமும் ஆவார்கள் என்ற அனுமானத்தின்மேல் எழுந்தது. அந்த மிஷன்களே திறந்த பள்ளிக்கூடங்கள் அவ்வனுமானத்தைப் பொய்யாக்கின. படித்த பிள்ளைகள் ரயில்வேயிலும் ரெவினியூவிலும் ஆஸ்பத்திரிகளிலும் உத்தியோகம் பெற்று, மாற்றல் உத்தரவு கிடைத்த இடத்துக்கெல்லாம் பெண்டு பிள்ளைகளுடன் பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

புது ஊரில் அவர்களுக்கு நேர்ந்த சங்கடம் எத்தகையதென்பதை இக்காலத்தவர் உணர்வது கடினம். பிஷப்பின் கரத்தால் திடப்படுத்தல் பெற்றவரே திருவிருந்தில் பங்குபெறத் தக்கவர் என்பது ஆங்கிலிக்கன் சபையின் விதி. ஆகவே, திருவள்ளூரில் ஞானஸ்நானம் பெற்று, சிறு வயது முதல் மெதடிஸ்டு சபையில் வளர்ந்த ஒருவர் திருநெல்வேலிக்கு மாற்றலாகிப் போனால், ஆலயத்தில் அமரலாம், பாடலாம், காணிக்கை செலுத்தலாம். ஆனால் சபையார் அனைவரும் எழுந்து திருவிருந்துக்குச் செல்லும் வேளையில் அவர் மட்டும் தம் மனைவியோடு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. எதிர்த்திசையில் வந்த திருநெல்வேலிக்காரருக்கோ, பிஷப்பினால் அபிஷேகம் பெறாத போதகரின் கையிலிருந்து அப்பத்தைப் பெறுவது தகுமா என்ற மனக்கிலேசம். ஒரே கர்த்தரை ஒரே தமிழில் தொழுதவர்களிடையே, பதினாறாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்து விவகாரங்கள் குறுக்கே நின்றதை எண்ணும்போது என் நெஞ்சம் இன்றும் வருந்துகிறது.

மேல்நாட்டார்மேல் மட்டும் குற்றம் சுமத்துவது நேர்மையாகாது. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆங்கிலிக்கன் சபையை விட்டு விலகினார்கள். பின்னர் அவர்களில் அநேகர், ஜாதி விஷயத்தில் அத்தனை கடுமை காட்டாத லுத்தரன் சபையில் சேர்ந்தார்கள். ஆகவே, ஊர் மாறி வந்த குடும்பம் புதிய ஆலயத்தின் வாசலில் நின்று விசாரித்தது உபதேசத்தை மட்டுமன்று. அங்கே அமர்ந்திருப்பவர்கள் யாரென்பதையும் விசாரித்தது. உள்ளிருந்தவர்களும் வந்தவரைப் பற்றி அதையே விசாரித்தார்கள். இந்த வழக்கம் முற்றிலும் மறைந்துவிட்டதென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இத்தனை வேலிகளையும் தாண்டிச் சென்றவை கீர்த்தனைகள். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் முதலியோரின் பாடல்களைத் தொகுத்து 1853-இல் வெளியிட்ட பின்னர், லுத்தரன் கவிஞரின் பாட்டுக் காங்கிரிகேஷனல் ஆலயத்திலும் மெதடிஸ்டு ஆலயத்திலும் ஒலித்தது. ஆராதனை முறை அந்நியமாகத் தோன்றிய ஊரிலும், தாய் தாலாட்டாகப் பாடிய ராகம் காதில் விழுந்தவுடன் வந்தவர் மனம் சற்றே தேறியிருக்கும்.

சபை ஐக்கியம் என்ற எண்ணம் பண்டிதர்களின் தர்க்கத்தில் மாத்திரம் பிறந்ததென்று நான் கருதவில்லை. மாற்றலாகிப் போன இந்தக் குடும்பங்களின் வேதனைக்கும் அதில் பங்குண்டு. பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தனர். 1919 மே மாதத் தொடக்கத்தில், பிஷப் அசரியாவும் சந்தியாகு ஐயரும் முன்னின்று தரங்கம்பாடியில் கூட்டிய மகாநாட்டில் 33 குருமார் கூடி, ஆங்கிலிக்கரும் அந்த ஐக்கிய சபையாரோடு ஒன்றாக வேண்டுமென்று அறிக்கை விடுத்தனர். அவர்களில் இருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் இந்தியர். தங்களுடையனவல்லாத சண்டைகளால் பிரிந்து நிற்பதன் துயரத்தை மிஷனரிகளைக் காட்டிலும் இந்தியர்களே அதிகம் அனுபவித்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை நீண்டது. வெள்ளாளன்விளையில் பிறந்து, இந்தியரில் முதலாவதாக ஆங்கிலிக்கன் பிஷப்பான அசரியா, 1945-ஆம் ஆண்டு முதல் நாளன்று அந்தப் பலனைக் காணாமலே மறைந்தார். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. திருவள்ளூர் மெதடிஸ்டும், அரக்கோணத்துப் பிரஸ்பிட்டேரியரும், திருநெல்வேலி ஆங்கிலிக்கரும் ஒரே பந்தியில் அமரும் உரிமை பெற்றார்கள். சொந்த ஊர் ஆயர் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றே புதிய சபையில் பெயர் பதியப் போதுமானதாயிற்று. தமிழ் லுத்தரன்கள் மட்டும் தனித்தே நின்றார்கள்.

இன்று திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களின் தொழிற்சாலைகளை நாடி வருவோர் திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் மட்டும் வருவதில்லை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர் வருகிறார்கள். ராஞ்சியில் 1845-இலேயே காஸ்னர் மிஷனரிகள் அடியெடுத்து வைத்த சோட்டா நாகபுரியின் ஆதிவாசிக் கிறிஸ்தவர் ஒருவர் அவர்களிடையே வந்து நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்தால், அவருக்கு நம் கீர்த்தனையும் தெரியாது, நம் தமிழும் தெரியாது. அவருக்காக வேதபாடங்களில் ஒன்றையாவது இந்தியில் வாசிக்க இவ்வட்டாரத்துச் சபைகளின் ஆயர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுமென்றும், ஆராதனை முடிந்தபின் சபையாரில் ஒருவர் அவர் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமென்றும் நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.