இலங்கையில் பிறக்காத இலங்கைப் பறவை

ஜொகூரில் வீட்டுப் பப்பாளியைக் கொத்திவிட்டுப் பறக்கும் பழுப்புக் குருவியை நம்மாட்கள் பலர் கொண்டைக்குருவி என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களும் 'அட, நம்ம ஊர்ல இருக்கறதுதானே' என்பார்கள். வாலடியைப் பார்த்தால் போதும், இரண்டும் வேறு. ஊர்க் கொண்டைக்குருவிக்குக் கறுத்த தலை, வாலடியில் சிவப்பு. இங்குள்ளதற்கு வாலடி மஞ்சள். முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை, கண்ணுக்கு முன்னே ஒரு கறுப்புக் கோடு. கொண்டை சிலிர்த்தால்தான் தெரியும். மலாய்க்காரர்கள் இதை மெர்பா காப்பூர் என்கிறார்கள். காப்பூர் என்றால் சுண்ணாம்புதான்.

இந்தப் பெயர் சரியாக இருக்கிறது. அறிஞர்கள் வைத்த பெயர்களைத் தேடிப் போனால்தான் வேடிக்கை. தமிழ்நாட்டுக் கொண்டைக்குருவிக்கு 1766இல் லின்னேயஸ் கொடுத்த இனப்பெயர் 'கஃபெர்'. தென்னாப்பிரிக்காவைக் குறிக்கும் சொல் அது. அதற்கு முன் 1760இல் பிரான்சில் பிரிசோன் அந்தப் பறவையை விவரித்தபோது, அது நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்ததாக எண்ணிவிட்டார். அந்த முனையில் இப்பறவை இயல்பாக இருந்ததே இல்லை. பிறகு அதன் ஊரை இலங்கை என்று மாற்றினார்கள். 1952இல் ஜெர்மானியப் பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் அதைப் புதுச்சேரி என்று திருத்தினார். ஊர் திருந்தியது, பெயர் திருந்தவில்லை. முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை என்பது அவர்கள் விதி.

அந்தக் காலத்தில் பறவை ஐரோப்பாவுக்குப் போனது காய்ந்த தோலாக, கப்பல் சரக்காக. சரக்கு கைமாறும்போது ஊரும் மாறிவிட்டது. ஆளை ஏற்றிக்கொண்டு போன கப்பல்களின் பதிவேட்டில் எங்கள் பாட்டன்மாரின் ஊர்ப்பெயர்கள் சிதைந்து கிடப்பதை நினைத்துக்கொள்கிறேன். அது வேறு கதை.

ஜொகூருக்கு நேரே சம்பந்தப்பட்ட தவறு இன்னொன்று. ஆற்றோர மரங்களில் வாழும் வைக்கோல் நிறத் தலை கொண்ட பெரிய சின்னான், மலாயில் பாராவ்-பாராவ். ஏறக்குறைய மைனாவைவிடவும் பெரியது. பொன் மஞ்சள் தலை, கன்னத்தின் கீழே கறுத்த மீசைக்கோடு. மெர்பா காப்பூரோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை. அதன் பாட்டு உரத்தது, வளைந்து வளைந்து நீளும். இந்தப் பறவைக்கு 1789இல் க்மெலின் வைத்த இனப்பெயர் 'சைலானிகுஸ்', அதாவது இலங்கைக்குரியது! இலங்கையில் அது எப்போதும் வாழ்ந்ததில்லை. அதன் நாடு மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ.

பாட்டுக்காகவே அதைப் பிடித்தார்கள். ஜாவாவில் அழிந்தது, தாய்லாந்திலும் இல்லாமல் போனது. 2018இல் உலகப் பாதுகாப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சைட்டீஸ் உடன்படிக்கை அதை முதல் இணைப்புக்கு உயர்த்தியது. காட்டில் பிடித்த பறவையை நாடுகளுக்கிடையே வணிகம் செய்வது அதனால் தடையானது. இன்று அது நிறைய மிஞ்சியிருப்பது ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில்தான். புலாவ் ஊபினில் அதன் பாட்டைக் கேட்கலாம். இந்தப் பக்கம் நாம் கேட்கவேண்டிய பாட்டு அது.

கூண்டு இப்போதும் பறவையின் ஊரைக் குழப்புகிறது. நிமிர்ந்த கறுப்புக் கொண்டையும் காதருகே சிவப்புப் பொட்டும் கொண்ட செம்மீசைச் சின்னான் தீபகற்பத்தின் வடக்கில் இயல்பாக வாழ்வது. சிங்கப்பூரில் உள்ளவை கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழி வந்தவை. ஜொகூரில் ஒன்றைப் பார்த்தால் உடனே 'நம்ம ஊர்ப் பறவை' என்று எழுதிவிடக்கூடாது. வால்நுனி தேய்ந்திருக்கிறதா, காலில் வளையம் இருக்கிறதா, ஆளைக் கண்டு மிரள்கிறதா என்று பார்க்கவேண்டும். இளம்பறவைக்குச் சிவப்புப் பொட்டு இருக்காது, அதையும் மறக்கக்கூடாது. எந்த இடம், எந்த நாள், எந்த மரம் என்று நோட்டில் எழுதுகிறேன். ஊர் என்ற கட்டத்தை மட்டும் பென்சிலால் நிரப்புகிறேன்.