காப்பியின் தாய்க்காடு

காப்பிச் செடிக்கு 'காஃபியா அராபிகா' என்று 1753இல் பெயரிட்டவர் லின்னேயஸ். ஐரோப்பியர் அறிந்த காப்பி அரேபியாவின் ஏமனிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் அமைந்தது. ஆனால், ஏமன் அதற்குப் புகுந்த வீடுதான். பிறந்த வீடு, ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள்.

அங்குள்ள கஃபா பகுதியில் ஓங்கிய மரங்களின் நிழலில் காப்பி தானாகவே முளைத்து வளர்கிறது. உதிரும் இலைகளே அதற்கு உரம். மக்கள் பழங்களைக் கையால் பறித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். வேறிடத்துக் கொட்டை கலவாமல், காட்டின் பெயர் சொல்லியே அதை விற்பதும் உண்டு.

சுவையைவிடப் பெரிய செல்வம் ஒன்று இக்காட்டில் இருக்கிறது. ஏமனுக்குச் சென்றவை சில வித்துக்களே. அவற்றின் வழிவந்த ஒரு செடி 1706இல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமை அடைந்தது. அமெரிக்கக் கண்டத்தின் தொடக்ககாலத் தோட்டங்கள் பல அதன் சந்ததியே! அராபிகா தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆகவே தோட்டச் செடிகளிடையே வேறுபாடு மிகக் குறைவு. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய், சுமார் இருபதாண்டுகளில் அங்குக் காப்பித் தொழிலையே அழித்தது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் காப்பியை விட்டுத் தேயிலை பறிக்க நேர்ந்தது இதனால்தான்.

நோயைத் தாங்கும் பண்புகளைத் தேட வேண்டிய இடம் தாய்க்காடே. 1964–65இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் குழு எத்தியோப்பியாவில் வித்துக்களைச் சேகரித்தது. ஆனால் காப்பி வித்தை நெல்லைப்போல உலர்த்திப் பல்லாண்டு காக்க இயலாது. உயிருள்ள செடியாகவே வளர்த்துவர வேண்டும். கஃபாவை 2010இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. எனினும் எத்தியோப்பியக் காடுகள் பல விளைநிலங்களாகிவிட்டன. 2019இல் வெளியான ஆய்வின்படி, காப்பிப் பேரினத்தின் 124 காட்டு இனங்களில் 75 அழியும் நிலையில் உள்ளன. அவற்றுள் அராபிகாவும் ஒன்று.