பக்க எண் கேட்ட வகுப்பு

மாமல்லபுரத்துக் கற்களைப் பற்றி 1788-லேயே ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. வில்லியம் சேம்பர்ஸ் எழுதியது. கல்கத்தாவிலிருந்து வந்த 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் இருக்கிறது. 1869-ல் எம்.டபிள்யூ. கார் என்பவர் இந்தக் கோயில்களைப் பற்றிய கட்டுரைகளைத் திரட்டித் தனிப் புத்தகமே போட்டார். அந்தக் கற்களைச் சுற்றிய சேரிகளில் மனிதர்களும் இருந்தார்கள். அவர்கள் யார் மனையில் குடியிருக்கிறார்கள், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், ஏன் கையகல நிலம்கூட இல்லை என்று செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அரசுக்குக் குறிப்பு எழுதியது 1891-ல். கல்லுக்கும் மனுசனுக்கும் இடையில் 103 வருசம்.

இந்தக் கழித்தல் கணக்கைப் போட எனக்குக் கற்றுக்கொடுத்தது தமிழ் வகுப்பு இல்லை. ஆங்கில வகுப்பு.

பி.ஏ. தமிழ் படித்தபோது பகுதி இரண்டு ஆங்கிலம் எங்களுக்கு ஒரு கண்டம். காலனிப் பையன்கள் அரியர் வைப்பது அந்தப் பேப்பரில்தான். நோட்ஸ் வாங்குவோம், நெட்டுருப் போடுவோம், பரீட்சையில் கக்கிவிட்டு வருவோம். இரண்டாம் வருசம் வந்த ஆசிரியை நோட்ஸை மூடி வைக்கச் சொன்னார். "உங்க ஊரப் பத்தி மூணு பக்கம் இங்கிலீஷ்ல எழுதுங்க. தப்பு இருந்தா பரவால்ல. ஆனா நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பக்கத்துக்குக் கீழ எழுதணும்" என்றார்.

பாதி வகுப்பு கடற்கரைக் கோயிலை எழுதியது. நான் என் ஆயா சொன்னதை எழுதினேன். பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே எங்கள் சேரியை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. "அந்த மேடு பூரா நம்முதுடா. வெள்ளக்கார கலெக்டரு குட்த்தது. உங்க தாத்தனோட அப்பன் பஞ்சத்துல ஒரு மூட்ட கேவுருக்கு வுட்டுட்டான்" என்று ஆயா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது. கூடவே, மேடைகளில் கேட்ட '12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம்' என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

தாள் திரும்பி வந்தபோது இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம். ஆயா சொன்னதற்குப் பக்கத்தில் 'ஹூ ஸேஸ்?' 12 லட்சத்துக்குப் பக்கத்தில் 'பேஜ் நம்பர்?'

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்க ஆயா பொய் சொல்லாது மேடம்."

"பொய்யின்னு நான் சொல்லலப்பா. ஆனா நிலத்த வச்சிருக்கறவன் இதே கேள்வியத்தான் கேப்பான். அவனுக்கு நீ என்னத்தக் காட்டுவ? அந்த 12 லட்சம் யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னு யாரும் இல்ல."

தமிழில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் இலக்கண நூல்களில் படித்திருந்தோம். எந்தப் புலவர், எங்கே சொன்னார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

கல்லூரியில் கடிதம் வாங்கிக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். திரமென்ஹீர் குறிப்பை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். சேரி மனையும் மிராசுதாரன் கையில். வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். கடனுக்கு அடமானமாகப் படியாள் உழைப்பு. தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டால் முதல் உரிமை மிராசுதாரனுக்கு. ஆயா சொன்ன அத்தனையும் அங்கே இங்கிலீஷில் இருந்தது.

அந்தக் குறிப்பு தானாக முளைத்ததும் இல்லை. ஆடம் ஆண்ட்ரூ போன்ற இந்த மாவட்டத்துப் பாதிரிகள் முன்பே அரசுக்கு எழுதியிருந்தார்கள். அவர்களுக்குச் சொன்னவர்கள் சேரிக்காரர்கள். வருவாய் வாரியம் குறிப்பின் பல கருத்துகளை மறுத்தது. வாதமும் எதிர்வாதமுமாக நடந்து 30.9.1892 அன்று அரசாணை 1010, 1010-ஏ வந்தது. டிப்ரஸ்டு கிளாஸ் மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது அப்படித்தான். அவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பின்னர் கொடுக்கப்பட்ட நிலங்களைத்தான் டி.சி. நிலம், பஞ்சமி நிலம் என்கிறோம்.

கட்டுரையில் 12 லட்சத்தை அடித்துவிட்டு அரசாணை எண்ணையும் தேதியையும் எழுதினேன். கட்டுரை சின்னதாகிவிட்டது. ஆனால் யாராலும் அசைக்க முடியாது.

அதே வகுப்பில் இன்னொன்றும் பிடிபட்டது. ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ். பள்ளிக்கூடத்திலிருந்து மாடு மாதிரி செக்கு சுற்றிய பாடம். என் கட்டுரையில் 'நிலம் இழக்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். "எழுவாய் எங்க?" என்று தமிழ்ப் பையனிடம் ஆசிரியை தமிழிலேயே கேட்டார். அப்போதுதான் உறைத்தது. 'ஒதுக்கப்பட்டது', 'மாற்றப்பட்டது', 'பரிசீலிக்கப்படும்' என்று சர்க்கார் காகிதம் முழுக்கச் செயப்பாட்டு வினை. எடுத்தவன் பேர் எங்கேயும் வராது. தீண்டாமைக்கும்கூட ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: 'ஒதுக்கி வைக்கப்பட்டார்கள்.' யார் வைத்தது?

இந்த வேலையை நம்மில் முதலில் செய்தவன் நானா? இல்லை. அம்பேத்கரின் 'இந்தியாவில் சாதிகள்' ஒரு வகுப்புக் கட்டுரைதான் என்பது பலருக்குத் தெரியாது. 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் மாணவராக உட்கார்ந்து படித்தது. அதில் நேராகத் தன் கருத்தை எடுத்துப் போட்டுவிடவில்லை. செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் நாலு பேர் சாதிக்குக் கொடுத்த விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். எங்கே சரி, எங்கே ஓட்டை என்று காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று தன் சொல்லை வைக்கிறார். ரிஸ்லி பெரிய வெள்ளைக்கார அதிகாரி. எதிரே நிற்பது 25 வயசு மகர் பையன். ஆய்வு எழுத்து என்கிற சபையில் இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்க வேண்டும். ஊரில் அந்தத் தரை கிடையாது.

1948-ல் வந்த 'தீண்டப்படாதோர்' நூலின் முன்னுரையிலும் இதே பேச்சு வருகிறது. சான்றுகள் அறுந்துபோன இடத்தில் ஆய்வாளன் என்ன செய்வது? கை கட்டி நிற்பதா, தெரிந்ததை வைத்து அறிவார்ந்த ஊகத்தால் பாலம் போடுவதா? பாலம் போடலாம் என்றார். போட்டது பாலம் என்று சொல்லிவிட்டே போட்டார். அந்த நூலைக் காணிக்கையாக்கிய மூவரில் நம் நந்தனும் ஒருவர்.

நம் மண்ணிலேயே பார்த்தால், கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன். இதே செங்கல்பட்டுச் சீமை. 1893-ல் 'பறையன்' பத்திரிகை நடத்தியவர், 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் பதவியெல்லாம் மேல்சாதிக்கே போகும் என்று அவர்கள் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் ஆயிரக்கணக்கான கையெழுத்து. மனுவிலிருந்த கருத்தோடு நமக்கு வழக்கு இருக்கலாம். 'எல்லாரும் சொல்கிறார்கள்' என்று அவர்கள் எழுதவில்லை. சொன்னவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதுதான் விசயம்.

இனி காரணைக்கு வருகிறேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய ஊர். 1994 அக்டோபர் 10 அன்று அதற்காகத் திரண்டவர்கள்மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அதே 1994-ல் கலிபோர்னியாவிலிருந்து யூஜின் இர்ஷிக்கின் புத்தகம் வந்தது. 1795 முதல் 1895 வரை இதே செங்கல்பட்டுச் சீமையில் நிலமும் குடிகளும் எப்படி எழுதப்பட்டார்கள் என்பதுதான் பொருள். ஒரே நிலம், ஒரே வருசம். ஒரு பக்கம் அடிக்குறிப்பு, ஒரு பக்கம் குண்டு. இரண்டுக்கும் நடுவில் போய் வர நம்மிடம் ஆள் வேண்டாமா? இதனால்தான் ஆங்கில வகுப்பு நம் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்புக்கான சமாச்சாரம் மட்டும் இல்லை என்கிறேன்.

ஆனால் ஆய்வு முறையை அப்படியே தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. எம்.ஏ. படித்தபோது நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளைப் புரட்டியிருக்கிறேன். நம் சேரிக் கிழவிகள் பாடிய ஒப்பாரி பக்கம் பக்கமாக இருக்கும். அட்டையில் ஆய்வாளர் பேர். பாடியவள் கடைசியில் பின்னிணைப்பில் 'தகவலாளி', வயது 65, கல்வி இல்லை. பேர் சொல்லாமல் அடுத்தவர் வாக்கியத்தை எடுத்தால் திருட்டு என்று அந்தப் படிப்பே சொல்கிறது. நம்மிடம் எடுத்தால் மட்டும் களப்பணியா?

ஆயா சொன்னதை நான் அடிக்கவில்லை. கீழே எழுதினேன்: பேர், வயது, ஊர், சொன்ன தேதி. அதற்குக் கீழே அரசாணை எண். ஆசிரியை வட்டம் போடவில்லை. ஆயாவிடம் படித்துக் காட்டியபோது, "எம் பேரா? இங்கிலீசுலயா? அப்ப மேட்ட குட்த்துடுவானா?" என்று கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை.

மேடு இன்னும் வரவில்லை. ஆயா போய்விட்டது. ஆனால் ஊரில் மனு எழுதும் முறை மாறியிருக்கிறது. 'எங்கள் நிலத்தை மீட்டுத் தாருங்கள்' என்று மட்டும் இப்போது எழுதுவதில்லை. சர்வே எண், பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, எப்போது யார் பேருக்கு மாறியது என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கிறோம். கிழவன் கிழவிகள் சொல்வதைத் தேதி போட்டுப் பதிந்து, கைநாட்டு வாங்கி இணைக்கிறோம். பரிசீலிக்கப்படும் என்று பதில் வருகிறது. யார் பரிசீலிப்பார் என்று திருப்பி எழுதுகிறோம்.